போர்க்கால மாளிகையில் துயின்றவர்கள்

போர்களின் வரலாற்றைப் படிக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் வினாக்கள் சில உண்டு. எந்தக் களத்தில் போர் நிகழ்ந்தது, வென்றவர் யார், மடிந்தவர் எத்தனை பேர், எந்த உடன்படிக்கையோடு அது முடிவுற்றது என்பனவே அவை. பள்ளிக்கூடங்களில் நாங்கள் கற்பிப்பதும், தேர்வுத் தாள்களில் கேட்பதும் பெரும்பாலும் இவற்றையே. ஆனால், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் போர் ஒன்றிலே உண்மையில் சமர் நடக்கும் நாட்கள் மிகச் சிலவே. எஞ்சிய நாட்களெல்லாம் காத்திருப்பதிலும், நடப்பதிலும், உணவு தேடுவதிலும் கழிந்துபோகின்றன. அந்த நாட்களின் இரவுகளில் அம்மனிதர்கள் எங்கே படுத்தார்கள்? யாருடைய வீட்டில், யாருடைய கட்டிலில், எவர் அருகே உறங்கினார்கள்? இந்த வினாவை நாம் அதிகம் கேட்பதில்லை. கேட்டால், களத்தின் கதை சொல்லாத பலவற்றை அது நமக்குச் சொல்லும்.

இதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்க நாட்டிலுள்ள ஒரு வீட்டை இன்று எடுத்துக்கொள்கின்றேன். நியூ ஜேர்சி மாநிலத்தில் மொரிஸ்டவுன் என்னும் நகரில் ஃபோர்ட் மாளிகை என்றொரு பழைய வீடு இருக்கின்றது. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1779ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதலாம் நாளிலிருந்து 1780ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரை, படைத்தலைவர் ஜோர்ஜ் வாஷிங்டன் தமது தலைமையகத்தை அங்கே வைத்திருந்தார். அந்த ஏழு மாதங்களில் அவ்வீட்டில் உறங்கியவர்களின் கதையே இன்றைய பொருள்.

முதலில், இவ்வூரைத் தேர்ந்ததன் காரணத்தை அறிந்துகொள்வோம். பிரித்தானியரின் பெரும் படை அப்பொழுது நியூயோர்க் நகரிலே இருந்தது. மொரிஸ்டவுன் அங்கிருந்து ஏறக்குறைய முப்பது மைல் மேற்கே உள்ளது. இடையிலே வச்சங் குன்றுகளும் சதுப்பு நிலங்களும் அரண்போல் அமைந்திருந்தன. பகைவரின் நடமாட்டத்தைக் கவனிப்பதற்கு வேண்டிய அண்மையும், திடீர்த் தாக்குதலுக்கு அகப்படாமல் இருப்பதற்கு வேண்டிய சேய்மையும் அவ்வூருக்கு ஒருங்கே வாய்த்திருந்தன. அத்துடன் சுற்றுப்புறத்தில் இரும்பு உருக்கும் ஆலைகளும் வளமான பண்ணைகளும் இருந்தன. ஆதலால் 1777ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் வாஷிங்டன் அங்கே தங்கியிருந்தார். அப்பொழுது அவர் குடியிருந்தது ஒரு சத்திரத்தில். மறுமுறை வந்தபோது ஃபோர்ட் குடும்பத்தாரின் வீடு அவருக்கு இருப்பிடமாயிற்று.

அவ்வீட்டை 1770களின் முற்பகுதியில் கட்டுவித்தவர் ஜேக்கப் ஃபோர்ட் என்னும் இளையவர். இரும்புத் தொழிலில் செல்வம் சேர்த்த குடும்பம் அது. போர் தொடங்கியபோது அவர் விடுதலைப் படையினருக்காக வெடிமருந்து ஆலை ஒன்றை நிறுவினார். உள்ளூர்க் குடிப்படையின் அதிகாரியாகவும் பணியாற்றினார். 1777 ஜனவரியில் நோயுற்று இறந்தார். அவருடைய தந்தையாரும் அதே மாதத்தில் காலமானார். எனவே வாஷிங்டன் வந்து சேர்ந்த வேளையில் அம்மாளிகையின் தலைவி, நான்கு பிள்ளைகளோடு தனித்திருந்த தியோடோசியா ஃபோர்ட் என்னும் விதவை அம்மையார். அவ்வூர்த் திருச்சபைப் போதகரின் மகள் அவர். வீடு புதியது, விசாலமானது. அவ்வூரின் சிறந்த வீடுகளுள் ஒன்று. வாயிற்கதவுக்கு நேர் மேலே, மூன்று பகுதிகளாகப் பிரிந்த அழகிய வளைவுச் சாளரம் ஒன்று இன்றும் அதனை அணிசெய்கின்றது. கணவர் தம் குடும்பம் இனிது வாழவென்று எழுப்பிய வீட்டிலே, அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில், ஒரு படையின் தலைமையகமே வந்து குடியேறியது.

குடியேறியவர்கள் யாவர்? வாஷிங்டன் தமது கடிதங்களில் ‘குடும்பம்’ என்ற சொல்லை அடிக்கடி ஆள்கின்றார். அக்காலப் படைவழக்கில் அச்சொல் மனைவி மக்களைக் குறித்ததன்று. தலைவருடன் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே மேசையில் உண்டு, அவருக்காகக் கடிதங்கள் வரைந்த துணை அலுவலர்களையும், அவர்களுக்கு ஏவல் செய்த பணியாட்களையும் சேர்த்தே அது குறித்தது. அலெக்சாண்டர் ஹமில்டன், டென்ச் டில்மன் முதலிய இளைஞர்கள் அத்துணை அலுவலர்களுள் இருந்தனர். டிசம்பர் இறுதியில் வாஷிங்டனின் துணைவியார் மார்த்தா அம்மையாரும் வந்து சேர்ந்தார். சமையல், பரிமாறல், சலவை, குதிரை பராமரித்தல் முதலிய பணிகளுக்கு ஆண்களும் பெண்களுமாகப் பலர் இருந்தனர்.

இத்தனை பேருக்கும் வீடு எவ்வாறு பங்கிடப்பட்டது? ஃபோர்ட் அம்மையார் தமக்கும் தம் பிள்ளைகளுக்குமென இரண்டு அறைகளை மட்டும் வைத்துக்கொண்டார். எஞ்சிய அறைகள் யாவும் தலைமையகத்தின் வசமாயின. வாஷிங்டனும் அவர் துணைவியாரும் மேல்தளத்து அறையொன்றில் துயின்றனர். துணை அலுவலர்கள் மேல்தளத்து மற்றோர் அறையிலே நெருங்கிப் படுத்தனர். பகலில் எழுத்துவேலைக்கும் இரவில் உறக்கத்துக்கும் தனித்தனி இடம் என்பது அவர்களைப் பொறுத்தவரை பெரும் பேறு. வீட்டில் இடம் போதாமையால் மரக்கட்டைகளை அடுக்கி இரு புறத்திலும் இணைப்புக் கட்டடங்கள் எழுப்பத் திட்டமிட்டனர். ஒரு புறம் சமையலறைக்கு, மறுபுறம் அலுவலகத்துக்கு.

அக்காலத்துப் படுக்கையைப் பற்றி இங்கே சிறிது கூறுதல் வேண்டும். வெப்ப நாட்டில் வாழும் நமக்கு, பாயொன்றை விரித்தால் எவ்விடமும் படுக்கையறையே. குளிர் நாட்டில் அவ்வாறன்று. செல்வர் வீட்டுக் கட்டிலுக்கு நான்கு உயர்ந்த கால்களும், மேலே விதானமும், நாற்புறமும் தடித்த திரைகளும் இருக்கும். அத்திரைகள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. கணப்படுப்பிலே விறகு எரிந்தாலும் அதன் வெப்பத்திற் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். அடுப்பை விட்டுச் சில அடி விலகினால் அறை குளிர்ந்தே கிடக்கும். திரைகளை இழுத்து மூடினால், கட்டில் அறைக்குள் ஒரு சிற்றறையாகி, உறங்குவோரின் உடற்சூட்டைக் காத்துவைக்கும். இறகு திணித்த மெத்தையும், கம்பளிப் போர்வையும், தணல் நிரப்பிய செப்புச் சட்டியை விரிப்புகளிடையே தேய்த்துப் படுக்கையைச் சூடாக்கும் வழக்கமும் இதற்காகவே ஏற்பட்டன. வசதி குறைந்தோர் வைக்கோல் மெத்தையில் படுத்தனர். படை அலுவலர்கள் தம்முடன் மடக்குக் கட்டில்களைக் கொண்டுசென்றனர். மரச்சட்டத்தில் முரட்டுத் துணியை இழுத்துக் கட்டிய இக்கட்டில்களை மடித்தால் வண்டியில் ஏற்றிச் செல்லலாம். ஒரே கட்டிலில் இரண்டு ஆடவர் படுப்பது அக்காலத்தில் வியப்புக்குரியதன்று. குளிருக்கு அது நல்ல மருந்துமாயிற்று.

அந்தக் குளிர் சாதாரணக் குளிரன்று. 1779-80ஆம் ஆண்டு மாரிகாலம் அந்நூற்றாண்டிலேயே மிகக் கடுமையானது எனக் கூறப்படுகின்றது. நியூயோர்க் துறைமுகத்து உப்புநீரே உறைந்து, அதன்மேல் பாரவண்டிகள் சென்றன. வலி ஃபோர்ஜ் என்னும் இடத்தில் 1777-78இல் வாஷிங்டனின் படை பட்ட துன்பத்தை அமெரிக்கப் பிள்ளைகள் யாவரும் அறிவர். ஆனால் குளிரின் கொடுமையில் மொரிஸ்டவுன் அதனை விஞ்சியது.

1780 ஜனவரி 22ஆம் நாள் வாஷிங்டன், படைக்கு வேண்டிய பொருள்களை வழங்கும் பொறுப்பிலிருந்த தளபதி நத்தானியேல் கிரீனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தில் களத்தைப் பற்றிய பேச்சில்லை; சமையலறையைப் பற்றிய முறையீடே உள்ளது. தாம் டிசம்பர் முதலாம் நாள் தொட்டு இவ்வீட்டில் இருந்தும், உணவு சமைப்பதற்குத் தமக்கென ஒரு சமையலறை இன்னும் இல்லை என்றும், தமது மெய்காவற் படையினர் கட்டைகளை அடுக்கிப் பல நாட்களாகியும் வேலை முடியவில்லை என்றும், பணியாள் ஒருவர் ஓரளவு சுகமாகப் படுப்பதற்குக்கூட இடமில்லை என்றும் அவர் எழுதுகின்றார். தம்மைச் சார்ந்த பதினெட்டுப் பேரும், ஃபோர்ட் அம்மையாரின் பணியாட்கள் அனைவரும், அவ்வம்மையாரின் ஒரே சமையலறையில் அடைந்து கிடப்பதாகவும், தடிமன் பிடித்தமையால் அவர்களுள் ஒருவர்க்கேனும் பேச்சு எழுவது அரிதாயிற்று எனவும் குறிப்பிடுகின்றார்.

நேயர்களே, இக்கடிதத்தைச் சற்று ஊன்றிச் சிந்தித்தல் தகும். ஒரு நாட்டின் படைத்தலைவர் ஏழு வாரங்கள் காத்திருந்தும் ஒரு சமையலறை எழவில்லை. காரணம் சோம்பலன்று. கட்டைகள் காட்டிலே கிடைத்தன; பலகைகள் கிடைக்கவில்லை. பலகை வாங்கப் பணமிருந்தும் இல்லாத நிலை. அமெரிக்கப் பேராயம் அச்சிட்ட தாள் நாணயத்தின் மதிப்பு வீழ்ந்து, 1780 மார்ச் மாதத்தில் நாற்பது தாள் டொலருக்கு ஒரு வெள்ளி டொலர் என்று பேராயமே ஒப்புக்கொள்ளும் அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. நாட்டின் நிதி நிலைமையை அறிய நாம் கணக்கேடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. அந்தச் சமையலறைத் தரையில் இருமியபடி படுத்திருந்தவர்களைப் பார்த்தாலே போதும்.

அவர்கள் யாவர்? சிலர் கூலிக்கு அமர்ந்தவர்கள், சிலர் அடிமைகள். வில்லியம் லீ என்னும் கறுப்பினத்தவர் வாஷிங்டனின் அடிமை. போர் முழுவதும் அவர் தம் தலைவரின் அருகே இருந்தார். விடுதலைக்காகப் போராடிய தலைவரின் உடைகளை எடுத்துக் கொடுத்தவர், குதிரைமேல் அவர் பின்னே சென்றவர், தமக்கு விடுதலை இல்லாதவர். 1799இல் வாஷிங்டன் இறந்தபோது, அவருடைய இறுதி முறி வில்லியம் லீயை உடனடியாக விடுவித்தது. ஆண்டுக்கு முப்பது டொலர் உதவித்தொகையும் அளித்தது. அதற்கு அவர் இன்னும் இருபது மாரிகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி, வீட்டுக்காரரின் நிலையை நோக்குவோம். படையினரைக் குடிமக்களின் தலைமேல் தங்கவைத்தல் என்பது அமெரிக்கர்களுக்கு ஆறாத புண்ணாக இருந்தது. 1765ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, அங்கே நிறுத்தப்பட்ட படையினருக்கு இருப்பிடமும் வேண்டிய பொருள்களும் கொடுக்கும் சுமையைக் குடியேற்ற நாடுகளின் மேல் ஏற்றியது. 1774இல் மற்றொரு சட்டம் வந்தது. 1776ஆம் ஆண்டின் விடுதலைச் சாற்றுரையிலே, மன்னருக்கு எதிராக அடுக்கிய குற்றச்சாட்டுகளுள், பெருந்தொகையான படையினரைத் தம்மிடையே தங்கவைத்தமையும் ஒன்று. அத்தகைய மக்களின் படையே இப்பொழுது ஒரு விதவையின் வீட்டில் வந்து தங்கியிருக்கின்றது. போர் முடிந்தபின் 1791இல் அவர்களுடைய அரசியல் யாப்பில் சேர்ந்த மூன்றாவது திருத்தம், அமைதிக்காலத்தில் வீட்டுச் சொந்தக்காரரின் இசைவின்றி எந்த வீட்டிலும் படையினரைத் தங்கவைத்தல் ஆகாது என்றும், போர்க்காலத்திலும் சட்டம் வகுத்த முறைப்படி அன்றித் தங்கவைத்தல் ஆகாது என்றும் விதிக்கின்றது. பேச்சுரிமை, சமய உரிமை ஆகியவற்றோடு ஒரே பட்டியலில், தன் வீட்டில் தான் நிம்மதியாக உறங்கும் உரிமையையும் அவர்கள் எழுதிவைத்தார்கள். இதன் அருமையை, போர்க்காலத்தில் வீட்டை விட்டுக்கொடுத்தவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஃபோர்ட் அம்மையாரின் மகன்களுள் ஒருவரான கேபிரியல் அப்பொழுது பதினான்கு வயதையொட்டிய சிறுவர். பிற்காலத்தில் நீதிபதியாக விளங்கிய அவர், முதுமையிலே சொல்லிய நினைவுகள் சில நூல்களில் பதிவாகியுள்ளன. மாலையில் காவலர் நிறுத்தப்பட்டபின், அன்றைய அடையாளச்சொல்லைச் சொல்லாத எவரும் வீட்டை அணுக இயலாது. ஊருக்குள் விளையாடச் சென்று திரும்புவதற்காக, வாஷிங்டன் அச்சொல்லைச் சிறுவர் கேபிரியலுக்குத் தெரிவிப்பது வழக்கமாம். அந்நாட்களில் ஹமில்டன் அவ்வூருக்கு வந்திருந்த எலிசபெத் ஸ்கைலர் என்னும் நங்கையைக் காதலித்து, மாலைதோறும் அவரைக் காணச் செல்வார். ஒருநாள் இரவு திரும்பியபோது, இன்பநினைவில் அடையாளச்சொல்லை அடியோடு மறந்துபோனார். காவலன் விடவில்லை, ஹமில்டன் நெற்றியைத் தேய்த்தும் பயனில்லை. அங்கே வந்த சிறுவர் கேபிரியல் அவர் காதில் அச்சொல்லை மெல்ல ஓதினாராம். அதன் பின்னரே அந்த அலுவலருக்குப் படுக்கை கிடைத்தது. ஹமில்டனின் திருமணம் அவ்வாண்டு டிசம்பரிலே இனிது நிறைவேறியது.

கேட்பதற்கு நகைச்சுவையான கதையே. ஆயினும் அதனுள் வேறொன்றும் அடங்கியிருக்கின்றது. தந்தை கட்டிய வீட்டுக்குள் நுழைவதற்கு, அவ்வீட்டுப் பிள்ளை ஆயுதம் தாங்கிய அந்நியன் ஒருவனுக்கு அடையாளச்சொல் சொல்ல வேண்டியிருந்தது. போர் ஒரு வீட்டுக்குள் புகுவது இவ்வாறுதான். கூரை இடியாவிட்டாலும், வீடு வீட்டாருடையதாக இருப்பதில்லை.

இரவு உறக்கமும் உறுதியன்று. வாஷிங்டனைத் திடீரெனச் சிறைப்பிடிக்கப் பிரித்தானியர் எண்ணியிருந்தனர். 1780 பெப்ரவரியில் அவர்களுடைய குதிரைப்படை அந்நோக்கத்துடன் புறப்பட்டு, ஆழ்ந்த பனியில் வழிசெல்ல இயலாமல் திரும்பியது. மாளிகைக்கு எதிரே குடில்களில் இருந்த மெய்காவற் படையினர், எச்சரிக்கை வெடி கேட்டவுடன் வீட்டுக்குள் ஓடிவந்து, கதவுகளை அடைத்து, சாளரங்களைத் திறந்து, ஒவ்வொரு சாளரத்திலும் ஐவராகத் துப்பாக்கியை நீட்டி நிற்பார்களாம். பெரும்பாலும் அது பொய்யான எச்சரிக்கையாகவே முடியும். ஆயினும் மறு அறிவித்தல் வரும்வரை அவர்கள் அகலமாட்டார்கள். அவ்வேளைகளில் மார்த்தா வாஷிங்டன் அம்மையாரும் ஃபோர்ட் அம்மையாரும் தத்தம் கட்டில்களில், திரைகளை இழுத்து மூடியபடி, அறை நிறைய ஆடவர் நிற்க, திறந்த சாளரங்களின் வழியே குளிர்காற்று திரைகளை ஊடுருவ, சிலபோது மணிக்கணக்கில் படுத்திருப்பார்களாம். அந்தத் திரைகளே அப்பொழுது அவர்களுக்கு எஞ்சிய ஒரே சுவர்.

மாளிகைக்குள் இந்நிலையென்றால், வெளியே? அங்கிருந்து தென்மேற்கே ஏறக்குறைய ஐந்து மைல் தொலைவிலுள்ள ஜொக்கி ஹலோ என்னும் காட்டுப்பகுதியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட போர்வீரர் தங்கினர். அவர்கள் சென்றபோது அங்கே அவர்கள் தங்குவதற்கு வீடுகள் இல்லை. மரங்களை வெட்டித் தாமே குடில்களை அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதுவரை கூடாரமே புகலிடம். கூடாரம் இல்லாதவர்க்கு வானமே கூரை. ஜனவரி தொடக்கத்தில் பெரும் பனிப்புயல் வீசியது. ஜேம்ஸ் தாச்சர் என்னும் படை மருத்துவர் அதனைத் தமது நாட்குறிப்பில் எழுதியிருக்கின்றார். காற்று கூடாரங்களைப் பிய்த்தெறிந்ததும், உறங்கிக்கொண்டிருந்த அலுவலர்கள் ஆடுகளைப்போல் பனியின் கீழ் புதையுண்டதும், நான்கு முதல் ஆறு அடி வரை பனி குவிந்ததும் அங்கே காணப்படுகின்றன. ஜோசப் பிளம் மார்ட்டின் என்னும் எளிய போர்வீரர் பிற்காலத்தில் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். நான்கு நாட்கள் மரப்பட்டையைக் கடித்ததன்றி வேறு உணவில்லை என்றும், சிலர் பழைய செருப்புகளைச் சுட்டு உண்டனர் என்றும் அவர் எழுதுகின்றார்.

ஆயினும் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். குடில்களின் நீளம், அகலம், வரிசை யாவற்றையும் வாஷிங்டன் கட்டளையாகவே விதித்திருந்தார். அளவு தவறியதோ, வரிசை பிசகியதோ ஆன குடிலை இடித்து மீண்டும் கட்ட வேண்டும். ஒரு குடில் ஏறக்குறைய பதினாறு அடிக்குப் பதினான்கு அடி, அதிற் பன்னிருவர். கட்டைகளின் இடைவெளி களிமண்ணால் அடைக்கப்பட்டது, ஒரு புறத்தில் கணப்படுப்பு, சுவரோரம் அடுக்கடுக்காக மரப்படுக்கைகள், அவற்றின்மேல் வைக்கோல். குன்றின் சரிவில் கட்டியமையால் நீர் தேங்காமல் வடிந்தது. முதலில் போர்வீரரின் குடில்கள் எழுந்தன. அலுவலர்களின் குடில்கள் அவற்றின் பின்னரே. வலி ஃபோர்ஜில் ஏறக்குறைய 2,000 பேர் நோயினால் இறந்தனர். அதனினும் கொடிய குளிர் வாட்டிய மொரிஸ்டவுனில் இறந்தோர் தொகை அதற்கு மிகக் குறைவு. 1777இல் படையினருக்கு அம்மைப்பால் குத்துவித்தமையும் இதற்கு ஒரு காரணம்; படுக்குமிடம் உலர்ந்ததாகவும் ஒழுங்காகவும் இருந்தமை மற்றொரு காரணம். மனிதன் எங்கே உறங்குகின்றான் என்பது சிறிய விடயமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

வசந்தம் வந்தது, மாளிகையின் படுக்கையறையொன்றில் ஒரு மரணமும் வந்தது. ஸ்பானிய அரசின் சார்பில் வந்த டொன் ஹுவான் டி மிராயேஸ் என்பவர், பிரெஞ்சுத் தூதுவருடன் ஏப்ரல் மாதத்தில் விருந்தினராக அங்கே எழுந்தருளினார். வந்தவுடன் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். அவர் பார்வையிடவென ஒழுங்குசெய்த படை அணிவகுப்பை அவர் காணவேயில்லை. ஏப்ரல் 28ஆம் நாள் அவ்வீட்டிலேயே உயிர் நீத்தார். பொற்சரிகை இழைத்த செந்நிற ஆடையும், வைரம் பதித்த பாதணிக் கொளுவிகளும் அணிவித்து, வாஷிங்டனும் தளபதிகளும் பின்தொடர, அவரை அடக்கம் செய்தனர். அதன்பின் அக்கல்லறைக்குக் காவல் போட வேண்டியதாயிற்று என்று தாச்சர் எழுதுகின்றார். பசித்த போர்வீரர் புதையலுக்காக அதனைத் தோண்டிவிடக் கூடும் என்பதே அச்சம். அந்த அச்சம் வீணானதன்று. ஊதியமும் உணவுமின்றி நொந்த கனெக்டிகட் படைப்பிரிவினர் மே மாதம் 25ஆம் நாள் ஆயுதத்துடன் கலகம் செய்தனர். கலகம் அரிதின் அடக்கப்பட்டது.

அதே மே மாதத்தில் நற்செய்தியும் வந்திருந்தது. பிரான்சிலிருந்து திரும்பிய லஃபாயெட் பிரபு, பிரெஞ்சுக் கப்பல்களும் படையும் உதவிக்கு வருகின்றன என்ற செய்தியை 10ஆம் நாள் அம்மாளிகைக்கே கொண்டுவந்தார். ஜூன் மாதத்தில் வாஷிங்டன் அவ்வீட்டை விட்டுப் புறப்பட்டார். வந்த நாளிலே வீட்டுப் பொருள்களுக்குப் பட்டியல் எடுத்திருந்தார் என்றும், புறப்படும்போது எல்லாம் சரியாக உள்ளனவா என்று ஃபோர்ட் அம்மையாரை வினவினார் என்றும், ஒரு வெள்ளிக் கரண்டி மட்டும் குறைகின்றது என்று அம்மையார் கூறினார் என்றும், பின்னர் வாஷிங்டன் கரண்டியொன்றை அனுப்பிவைத்தார் என்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதை வழங்குகின்றது. அது எவ்வாறாயினும், ஏழு மாதங்கள் தம் வீட்டின் பெரும்பகுதியைப் பிறருக்குக் கொடுத்திருந்த ஒரு பெண், கணக்குக் கேட்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார் என்று மக்கள் நினைவு கூர்வதே எனக்கு மகிழ்ச்சி தருகின்றது.

அவ்வீடு பின்னரும் அக்குடும்பத்தினரிடம் நெடுங்காலம் இருந்தது. 1873இல் ஏலத்துக்கு வந்தபோது, அதனைக் காக்க விரும்பிய சிலர் ஒன்றுசேர்ந்து வாங்கினர். 1933இல் அது நாட்டுடைமையாகி, ஜொக்கி ஹலோக் காட்டுடன் சேர்ந்து அமெரிக்காவின் முதலாவது தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதியாயிற்று. இன்று அங்கே செல்வோர், திரையிட்ட கட்டிலையும், துணை அலுவலர்களின் மடக்குக் கட்டில்களையும், சமையலறையையும் காணலாம்.

வரலாற்று வீடுகளுக்குச் செல்லும்போது நாம் பெரும்பாலும் தலைவர் உறங்கிய கட்டிலின் முன்னே நெடுநேரம் நிற்கின்றோம். சமையலறையை விரைந்து கடந்துவிடுகின்றோம். மாணவர்களை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் கூற விரும்புவது இதுவே. அங்கே உறங்கியவர்கள் எத்தனை பேர் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஃபோர்ட் மாளிகையில் கட்டில் கிடைத்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். இரண்டு அறைகளில் ஒடுங்கிய தாயையும் பிள்ளைகளையும் ஓரளவு அறிவோம். சமையலறைத் தரையில் தடிமனோடு கிடந்தவர்களுட் பலரைப் பற்றி, பதினெட்டு என்ற ஓர் எண்ணன்றி வேறொன்றும் நமக்கு எஞ்சவில்லை. அவர்கள் விடியுமுன் எழுந்து அடுப்பை மூட்டியதனாலேயே, மேல்மாடியில் இருந்தவர்கள் ஒரு நாட்டின் விடுதலையைப் பற்றிக் கடிதம் எழுத முடிந்தது. அந்தப் பதினெட்டுப் பேருக்கும் வரலாற்றிலே படுக்க ஓர் இடம் கொடுப்பது நமது கடமையாகும்.